லாரி வீட்டு நம்பர்

தப்பு என்னுடையது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் எனக்குப் பரிந்துகொண்டு வர வேண்டாம்.

எங்கள் ஊர்த் தகவல் மையத்தை நடத்துகிறவள் நான். பழைய விதைக் கிடங்கின் முன்னறையை அதற்கென்று ஒதுக்கியிருக்கிறார்கள். ஒரு இரும்பு ஷட்டர், இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், கைரேகை வைக்கிற கறுப்புப் பெட்டி, நாலு பேட்டரி, மொட்டை மாடியில் ஒரு டிஷ். பூச்சிமருந்து வாடை இன்னும் சுவரை விட்டுப் போகவில்லை. பிறப்புச் சான்றிதழ், நிலப் பதிவு, மழை நிலவரம், பரீட்சை முடிவு என்று எது வேண்டுமானாலும் ஊர் என் ஷட்டருக்கு முன்னால்தான் வந்து நிற்கும். என்னைவிட மூத்தவர்கள்கூட என்னைக் கம்ப்யூட்டரக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்கும் அதில் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

அரசாங்கத்து விண்ணப்பம் எதுவானாலும் ஒரு போன் நம்பர் கொடுக்காமல் அடுத்த பக்கத்துக்கு நகராது. எங்கள் ஊரில் பாதிப்பேரிடம் போன் கிடையாது. பெண்களிடம் சுத்தமாகக் கிடையாது. அதனால் ஆரம்பத்திலேயே ஒரு நோட்டு போட்டு வைத்தேன். வீட்டுக்கு ஒரு நம்பர், அந்த வீட்டில் யார் சட்டைப்பையில் போன் இருக்கிறதோ அவருடைய நம்பர். சட்டைப்பை யாருக்கு இருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. வீட்டில் யார் என்ன விண்ணப்பம் போட்டாலும் அந்த நம்பரைத்தான் அடிப்பேன். இரண்டு வருஷத்தில் நோட்டே தேவைப்படவில்லை, ஆளைப் பார்த்ததும் விரல் தானாக அடித்துவிடும். மேலதிகாரி ஒருவர் வந்து பார்த்துவிட்டு, இவ்வளவு வேகமான மையத்தை நான் கண்டதில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு வாரம் என் கால் தரையில் பாவவில்லை.

என் மையத்திலிருந்து நாலாவது கட்டடம் மாவு மில். அதை நடத்துகிறவளை மில்லுக்காரி என்போம். புருஷன் மஞ்சள் காமாலையில் போய் இரண்டு வருஷமாகிறது. அவன் விட்டுப்போனது இந்த மில்லும், ஊருக்கு மேற்கே கிணற்றோடு ஒரு துண்டு நிலமும். புருஷனுடைய அண்ணன் லாரிக்காரன். மூன்று லாரி வைத்து மண் அடிக்கிறவன். சுற்றுவட்டாரத்தில் தோண்டத் தோண்டக் கிராவல் மண் வருகிற நிலம் அவளுடையது ஒன்றுதான் பாக்கி.

திங்கட்கிழமைதோறும், நிலங்களுக்குப் பெயர் மாற்றக் கேட்டு வந்திருக்கிற விண்ணப்பங்களின் பட்டியலை இறக்கி, ஷட்டருக்குப் பக்கத்தில் ஒட்டி, நின்றிருப்பவர்களுக்கு வாசித்தும் காட்டுவேன். பெரும்பாலும் யாரும் காது கொடுப்பதில்லை. அந்தத் திங்கட்கிழமை வாசித்துக்கொண்டே வந்தவள், மில்லுக்காரியின் நிலத்து எண்ணில் நின்றுவிட்டேன். இறந்துபோன தம்பி பெயரிலிருந்து அண்ணன் பெயருக்கு மாற்றக் கேட்டு மனு. வாரிசு என்ற கட்டத்தில் 'எவரும் இல்லை' என்று போட்டிருந்தது. ஆளனுப்பி அவளைக் கூப்பிட்டேன். கண் இமையெல்லாம் மாவோடு வந்து நின்றாள். திரும்ப ஒருமுறை வாசித்துக் காட்டினேன்.

"வாரிசு இல்லைன்னா, நான் செத்துட்டேனாக்கா?" என்று கேட்டாள்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. உட்காரு என்றேன். ஆட்சேபணை மனுவைத் திறந்து, என் வாழ்நாளில் எதையும் அவ்வளவு வேகமாக அடித்ததில்லை என்கிற வேகத்தில் அடித்தேன். பெயர், புருஷன் பெயர், நில எண், காரணம், போன் நம்பர். மனு பதிவாகி, கடைசியில் கைரேகை வைக்கப் போனபோது சர்வர் படுத்துவிட்டது. பரவாயில்லை, பத்து நாள் அவகாசம் இருக்கிறது, ஆட்சேபணை போட்ட இதே மையத்தில் வந்து ரேகை வைத்தால் போதும், நாளைக்கு வா என்று அனுப்பினேன். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். என் கையெல்லாம் மாவு.

மில் ஓடும் சத்தம் எனக்குப் பழகிப்போன ஒன்று. தானியம் விழும்போது அடங்கி ஓடும், தீர்ந்தால் கல்லோடு கல் உரசிக் கிறீச்சிடும், உடனே அவள் நிறுத்திவிடுவாள். அன்றைக்கு அவள் போய் அரைமணி நேரம் இருக்கும். மில் வெறுமனே ஓடத் தொடங்கியது. ஒரு நிமிஷம் ஆயிற்று, இரண்டு நிமிஷம் ஆயிற்று, நிறுத்துகிறவர் இல்லை. மில்லில் பெல்ட் அறுந்து ஒருத்தன் கை போனது எனக்குத் தெரியும். வெறுங்காலோடு ஓடினேன்.

மில் வாசலில் லாரிக்காரன் எதிரே வந்தான். வெள்ளைச் சட்டை. முழங்கை வரை மாவு, மாவில் அங்கங்கே சிவப்பு. வழிவிட்டு ஒதுங்கி நின்றான். எப்போதும் மரியாதை தப்பாத ஆள்.

"கம்ப்யூட்டரம்மா, உங்க மெசேஜ் வந்துச்சு," என்றான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் விரல் அடித்த நம்பர் லாரி வீட்டு நம்பர். அவள் கல்யாணமாகி வந்தபோது அண்ணன் தம்பி ஒரே வீடு, அந்த வீட்டுக்கு நோட்டில் ஒரே நம்பர், அது அவனுடையது. பிறகு தம்பி தனியாகப் போனதும் செத்ததும் நோட்டுக்குத் தெரியாது. 'உங்கள் ஆட்சேபணை பதிவானது, பத்து நாளுக்குள் கைரேகை வைத்து உறுதி செய்யவும்' என்கிற செய்தியை, அவள் மில்லுக்குத் திரும்பி நடப்பதற்கு முன்னால், அவன் சட்டைப்பையில் நானே கொண்டுபோய்ப் போட்டிருக்கிறேன்.

உள்ளே அவள் எடைமேடைக்குப் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையும் மேடைமேல் இருந்தன. பக்கத்தில் இரண்டு கிலோ எடைக்கல். கழுத்தில் முழங்காலை வைத்து அழுத்தி, வலது கையை மேடைமேல் விரித்து, கட்டை விரலை மட்டும் தனியாக இழுத்து வைத்து அதன்மேல் அடித்திருக்கிறான். அவள் அலறியிருக்கிறாள், மில் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. பிறகு நிதானமாக இடது கை. அவசரமில்லை, ஆத்திரமில்லை, வாய்ச்சண்டை இல்லை. ஆணி அடிக்கிறவன் மாதிரி அடித்திருக்கிறான். இடது கட்டை விரலில் நகம் இருந்த இடத்தில் நகம் இல்லை. வலதில் எது எலும்பு எது சதை என்று சொல்ல முடியவில்லை. சுவிட்சை நிறுத்தினேன். மில் அடங்கியதும் அவள் முனகல் கேட்டது. என் முந்தானையைக் கிழித்துக் கட்டினேன், கட்டக் கட்ட நனைந்தது.

நர்சம்மா வந்து ஊசி போட்டு டவுன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். ஸ்டேஷனில் எடைக்கல் கை தவறி விழுந்தது என்று எழுதிக்கொண்டார்கள். இரண்டு கையிலுமா என்று கேட்டேன். இரண்டு தடவை தவறியிருக்கலாம் இல்லையா என்றார் எழுதியவர். ஸ்டேஷனுக்குச் சுற்றுச்சுவர் கட்ட மண் வந்தது யார் லாரியில் என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

மூன்றாம் நாள் காலை லாரிக்காரன் என் மையத்துக்கு வந்தான். பெஞ்சில் உட்கார்ந்து, இந்த வாரம் மழை உண்டா என்று கேட்டான். இல்லை என்றேன். அப்புறம் கறுப்புப் பெட்டியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"கட்டை விரல் இல்லாதவங்க இதுல என்ன பண்ணுவாங்க?"

எங்கள் ஊரில் ரேகை என்றாலே கட்டை விரல்தான். கையெழுத்துத் தெரியாத காலத்திலிருந்து மையில் தோய்த்து வைத்துப் பழகிய விரல். பெட்டி வந்த பிறகும், எந்த விரல் என்று யாரும் என்னைக் கேட்டதில்லை, நேராகக் கட்டை விரலை நீட்டுவார்கள். அடையாள அட்டைக்குப் பதிந்தபோது பத்து விரலையும்தான் எடுத்தோம். இதே அறையில் நான்தான் எடுத்தேன். வலது நாலு, இடது நாலு, கடைசியில் கட்டை விரல் இரண்டும் சேர்த்து. அவன் விரலையும் நான்தான் எடுத்தேன். அது யாருக்கும் நினைவில்லை. படம் பிடிக்கிற மாதிரி என்னமோ பண்ணினார்கள் என்கிற அளவில் மறந்துவிட்டார்கள்.

"ஒண்ணும் பண்ண முடியாதுங்க. பெட்டி ஏத்துக்காது," என்றேன்.

என் முகத்தையே பார்த்தான். என் வலது கையை எடுத்து மேஜைமேல் வைத்து, என் கட்டை விரலை இரண்டு விரலால் தடவிக் கொடுத்தான். கையை நான் இழுத்துக்கொள்ளவில்லை. முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டேன். திருப்தியோடு எழுந்தான். பெட்டியை அவன் தொடவில்லை, அவனுடைய மண் பெர்மிட்டும் அதே பெட்டியில்தான் வர வேண்டும். போகிற போக்கில் ஒரு கம்ப்யூட்டர் திரையை ஒயரைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளினான்.

"கை தவறிடுச்சு," என்றான்.

ஐந்தாம் நாள் நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வார்டு வாசலில் அவனுடைய டிரைவர் ஒருத்தன், நலம் விசாரிக்க வந்தவன் போல ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தான். குனிந்து அவள் காதில் எல்லாவற்றையும் சொன்னேன். நம்பர் அடித்தது நான், செய்தி போனது என்னால், உன் விரலை நசுக்கியதில் பாதி நான் என்று சொன்னேன். அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, கேட்டால் அவள் கொடுத்தாக வேண்டுமே. பிறகு பத்து விரல் விஷயத்தைச் சொன்னேன். மெல்லத் திரும்பினாள். இரண்டு கட்டை விரலும் மாவுக்கட்டுக்குள் இருந்தன. மீதி எட்டும் கட்டுக்கு வெளியே வீங்கி நீட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தாள்.

"ரேகை வச்சா அதுக்கும் மெசேஜ் போகுமாக்கா? அவருக்கா?"

முதலில் நம்பரை மாற்றிவிடுகிறேன் என்றேன்.

"மாத்தாதீங்க. இருக்கட்டும்."

வலிக்குக் கொடுத்த ஊசியில் ஏதோ உளறுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். டிரைவர் எழுந்து எங்கள் பக்கம் வந்தான். நான் பழத்தை உரிக்க ஆரம்பித்தேன்.

பத்தாம் நாள் காலை பத்து மணி பஸ்ஸில் வந்து இறங்கினாள். ஆஸ்பத்திரியில் சொல்லாமல் பின்வழியாக வந்திருக்கிறாள். அன்றைக்குச் சாயந்திரத்தோடு அவகாசம் முடிகிறது, முடிந்தால் நிலம் லாரிக்காரன் பெயருக்குப் போய்விடும். அவள் உள்ளே வந்ததும் ஷட்டரை இறக்கிப் பூட்டினேன். என் வீட்டுக்காரர் வயர்மேன். மின்கம்பத்தில் ஏறும்போது இருக்கிற தைரியம் தரையில் இறங்கினால் அவருக்கு இருக்காது, மீன்காரனிடம்கூடக் குரல் உயர்த்த மாட்டார். மாடியில் டிஷ்ஷைப் பார்த்துக்கொள்ளுங்கள், அது போதும் என்று ஏற்றிவிட்டிருந்தேன்.

பெட்டி மூன்று தடவைதான் கேட்கும். மூன்றும் தப்பினால் அன்றைக்கு மூடிக்கொள்ளும். வலது ஆள்காட்டி விரலை வைக்கச் சொன்னேன். வீக்கத்தில் விரல் பளபளவென்று இருந்தது. திரையில் சிவப்புப் பெருக்கல் குறி வந்தது. இரண்டாவதாக நடுவிரலை வைக்கச் சொல்லும்போதே வெளியே லாரி ரிவர்ஸ் எடுக்கிற பாட்டுக் கேட்டது. குழந்தைகள் பொம்மையில் வருகிற மாதிரி ஒரு பாட்டு. அவள் பஸ்ஸிலிருந்து இறங்கியதை எவனோ பார்த்துவிட்டிருக்கிறான். பாட்டு நெருங்கி வந்தது. ஷட்டர் இடிந்து உள்பக்கம் வளைந்தது, சுவரிலிருந்து காரை கொட்டியது, விரல் பெட்டியை விட்டு வழுக்கியது. இரண்டாவது பெருக்கல் குறி.

லாரி முன்னால் போய் மறுபடி பின்னால் வந்தது. இந்தத் தடவை மாடியில் டிஷ் கம்பி சாய்ந்து திரையில் லைன் போய்விட்டது. மேலே பார்த்துக் கத்தினேன். தலைக்கு மேல் என் வீட்டுக்காரர் ஓடுகிற சத்தம் கேட்டது. சாய்ந்த கம்பியைக் கட்டிப் பிடித்து நிமிர்த்தி, கைப்பிடிச் சுவரில் கால் ஊன்றி நின்றாராம். லாரியோடு வந்து கீழே நின்றவர்கள் யாரோ கல் எறிந்தார்கள். நெற்றியில் பட்டு ரத்தம் கண்ணில் வழிந்ததாம். கம்பியை விடவில்லை. அந்த மனுஷனை நான் எத்தனை தடவை உப்புச்சப்பில்லாதவர் என்று திட்டியிருக்கிறேன்.

லைன் வந்தது. ஒரே ஒரு தடவைதான் மிச்சம். எந்த விரலை வைக்கச் சொல்வது என்று எனக்கே தெரியவில்லை. அவள் நிதானமாக இருந்தாள். மில்லில் மாவு நைசா கொரகொரப்பா என்று பார்ப்பது கட்டை விரலும் பக்கத்து இரண்டு விரலும்தான், நாள் முழுக்கத் தேய்ந்து அதில் ரேகையே இருக்காது என்றாள். மோதிர விரல் சும்மாதான் இருக்கும் என்றாள். இடது மோதிர விரலை என் முந்தானையில் துடைத்துப் பெட்டியில் வைத்தாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

மூன்றாவது இடியில் ஷட்டர் ஒரு பக்கம் கழன்று தொங்கியது. அந்தச் சந்து வழியாக லாரிக்காரன் வீல் ஸ்பேனரோடு உள்ளே வந்தான். என்னைக் கேட்கவே இல்லை. முதல் அடி என் தாடையில் விழுந்தது. விழுந்த இடத்திலிருந்து பார்த்தேன், இரண்டு பல் என் நாக்கின் மேல் கிடந்தன. அவள் முடியைப் பிடித்து இழுத்து எறிந்தான், முதுகு பேட்டரியில் மோதியது. பிறகு கறுப்புப் பெட்டியை அடித்தான். கண்ணாடி தூளாகிற வரை, தூளான பிறகும் அடித்தான். மிச்சமிருந்த திரை, பிரிண்டர், மேஜை என்று வரிசையாக அடித்தான். பத்து நாள் நிதானமெல்லாம் போன இடம் தெரியவில்லை, வாயில் எச்சில் ஒழுக அடித்தான்.

அடித்துக்கொண்டிருக்கும்போதே அவன் சட்டைப்பையில் டிங் என்று ஒரு சத்தம் கேட்டது.

அவன் கவனிக்கவில்லை. எனக்குக் கேட்டது. அவளுக்கும் கேட்டது. பேட்டரியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். அப்போதுதான் எனக்கு விளங்கியது, நம்பரை மாற்ற வேண்டாம் என்று அவள் ஏன் சொன்னாள் என்று.

"மாமா, மெசேஜ் வந்திருக்கு," என்றாள். "எடுத்துப் படிங்க."

ஸ்பேனரை ஓங்கியபடி நின்றான். பிறகு மற்றக் கையால் போனை எடுத்தான். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவன் போல உதடு அசைந்தது. வாசகம் எனக்கு மனப்பாடம், எத்தனை பேருக்குப் படித்துக் காட்டியிருக்கிறேன். 'உங்கள் ஆட்சேபணை உறுதி செய்யப்பட்டது. மேற்படி நிலத்தின் பெயர் மாற்றம் நிறுத்தி வைக்கப்படுகிறது.' நொறுங்கிக் கிடந்த பெட்டியைப் பார்த்தான். அவளுடைய கட்டுப்போட்ட இரண்டு கட்டை விரலையும் பார்த்தான். ஷட்டர் சந்தில் தலைகள் கூடிவிட்டிருந்தன. திங்கட்கிழமைப் பட்டியலை நான் வாசிக்கும்போது காது கொடுக்காத அதே தலைகள், இப்போது அத்தனை பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"எந்த விரலு?" என்று கேட்டான். நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற குரலில் கேட்டான்.

அவள் இரண்டு கையையும் அவன் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டினாள். வீங்கிப்போன எட்டு விரல்.

"இன்னும் எட்டு இருக்கு மாமா. எதுன்னு நீங்களே தேடிக்குங்க."